எந்தச் சித்தூர்? எல்லையோரத்தில் பிறந்தவர்களின் பாட்டுகள்

1. கொழிஞ்சாம்பாறை ஹார்மோனியம் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். எங்கள் வாசகசாலை ஆண்டு விழாவில் இந்தத் தடவை ஒன்றரை மணி நேரப் பாட்டு நிகழ்ச்சியை என்னிடம் விட்டிருக்கிறார்கள். வழக்கம்போல பழையது பத்து, புதியது பத்து என்று அடுக்க எனக்கு மனசில்லை. கேரளத்தில் எங்கள் பாலக்காட்டு எல்லையோரத்தில் பிறந்து சினிமாவுக்குப் போனவர்களின் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு மாலை நடத்த வேண்டும் என்று ஆசை.

காரணம் சொல்கிறேன். போன வருஷம் ஒரு கோயில் விழாவில் எங்கள் கானமேளைக் குழு வாசித்தது. ஸ்வர்ணலதா பாடிய 'போறாளே பொன்னுத்தாயி'யைத் தொடங்குவதற்கு முன்னால் மைக் பிடித்தவர், "அடுத்ததாக நமது பக்கத்து மாநிலப் பாடகியின் பாட்டு" என்று அறிவித்தார். விழா நடந்த இடத்திலிருந்து எங்கள் பாலக்காட்டுச் சித்தூருக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம். ஸ்வர்ணலதா பிறந்தது அந்தச் சித்தூரில்தான். 'கருத்தம்மா'வில் வந்த அந்தப் பாட்டுக்குத்தான் அவருக்கு 1994-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹார்மோனியத்தில் கை வைத்தபடி நானும் சும்மா இருந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

இதுவரை என் பட்டியலில் சேர்ந்தவர்கள்: எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன், சித்தூர் பி. லீலா, சித்தூர் ஸ்வர்ணலதா. அப்புறம் எம்.பி. ஸ்ரீனிவாசன். அவரும் சித்தூரில் பிறந்தவர் என்று படித்ததும் உடனே சேர்த்துக்கொண்டேன்.

தேடும்போது ஒன்று கிடைத்தது. ஸ்வர்ணலதாவின் முதல் சினிமாப் பாட்டு 1987-ல் வந்த 'நீதிக்குத் தண்டனை' படத்தில். பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே'. கூடப் பாடியவர் யேசுதாஸ். இசை எம்.எஸ்.வி. எலப்புள்ளிக்கும் சித்தூருக்கும் காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரலாம். ஆனால் அந்த இரண்டு பேரும் சேர்ந்தது சென்னையில். அப்போது அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயது.

வேறு யாரைச் சேர்க்கலாம்? சொல்லுங்கள்.

2. நகரி நெசவு | செவ்வாய், இரவு 10.15

அண்ணா, எம்.பி.எஸ். உங்கள் சித்தூர் இல்லை. எங்கள் சித்தூர். ஆந்திரா.

ஆனால் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். நீங்கள் தேடுகிற ஆளே அவர்தான் என்று எனக்குப் படுகிறது. ஆந்திரச் சித்தூரில் 1925-ல் பிறந்த தமிழர். மலையாளப் படங்களுக்குத்தான் நிறைய இசையமைத்தார். யேசுதாஸ் சினிமாவுக்காகப் பாடிய முதல் பாட்டு 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்கு. 1961 நவம்பர் 14 அன்று ஒலிப்பதிவு. நாராயண குருவின் 'ஜாதிபேதம் மதத்வேஷம்' என்ற வரிகள். இசை எம்.பி.எஸ். மலையாளிகள் வருஷா வருஷம் நினைத்துப் பார்க்கிற அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் எங்கள் பக்கத்துத் தமிழர் என்பது எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

தமிழில் கொஞ்சம்தான் செய்தார். ஆனால் 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தின் 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' ஒன்று போதாதா? ஜெயகாந்தன் எழுதியது. பி.பி. ஸ்ரீனிவாஸும் ஜானகியும் பாடியது. சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் அமைய முன்னின்றவர். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கியவர். இவ்வளவும் செய்த மனிதருக்கு இரண்டு சித்தூரிலும் இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

3. திருத்தணி தமிழாசிரியர் | புதன், காலை 6.20

//வேறு யாரைச் சேர்க்கலாம்?//

எஸ்.பி. பாலசுப்ரமணியம். பிறந்தது 1946 ஜூன் 4, கோணேட்டம்பேட்டை. எல்லாரும் நெல்லூர் என்பார்கள், அது அவர் வளர்ந்த ஊர். கோணேட்டம்பேட்டை இன்று தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பிறந்தபோது எல்லாமே சென்னை மாகாணம். ஆந்திரா பிரிந்தபோது எங்கள் திருத்தணி வட்டாரம் அந்தப் பக்கம் போயிற்று. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லையை மாற்றி வரைந்தபோது இந்தப் பக்கம் திரும்பியது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் கோடுதான் நகர்ந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த குரலை எந்த மாநிலத்துக் கணக்கில் வைப்பீர்கள்?

இன்னொருவர் கே.வி. மகாதேவன். நாகர்கோவில் 1956 வரை திருவிதாங்கூர்தானே. இசையமைப்புக்கான தேசிய விருதை முதன்முதலில் வாங்கியவர் அவர், 1967-ல் 'கந்தன் கருணை'க்காக. அப்புறம் தெலுங்கில் 'சங்கராபரணம்'. அதற்கும் தேசிய விருது. பாட்டை முதலில் எழுதி வாங்கி, பிறகு மெட்டுப் போடுவதுதான் அவருக்குப் பிடித்த முறை. தெலுங்குச் சொல்லை எதிரே வைத்துக்கொண்டு ஒரு நாகர்கோவில்காரர் மெட்டமைத்தார், தெலுங்கு தேசமே எழுந்து நின்று கேட்டது.

4. வேலந்தாவளம் குயில் | புதன், மதியம் 1.05

எல்லாரும் கோபப்படாமல் கேளுங்கள். எனக்கு இதில் ஒரு மறுப்பு இருக்கிறது.

பிறந்த ஊரை வைத்து ஒரு குரலை நம்முடையது என்று சொல்வது சரியா? ஸ்வர்ணலதா குடும்பம் அவர் சின்னவராக இருக்கும்போதே கர்நாடகத்துக்குப் போய்விட்டது. அவர் காதில் விழுந்து வளர்ந்தது கன்னடம். 'மாலையில் யாரோ மனதோடு பேச' கேட்கும்போது சித்தூர் புழையா ஞாபகம் வருகிறது? எனக்கு வரவில்லை. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி இருக்கும். அது எந்த ஊரும் இல்லை.

எஸ். ஜானகியைப் பாருங்கள். குண்டூர் மாவட்டத்துக்காரர். எல்லைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. நான்கு தேசிய விருதுகள் வாங்கினார். இரண்டு தமிழுக்கு ('பதினாறு வயதினிலே', 'தேவர் மகன்'), ஒன்று மலையாளத்துக்கு ('ஓப்போள்'), ஒன்றே ஒன்றுதான் தாய்மொழியான தெலுங்குக்கு ('சித்தாரா'). அப்படியென்றால் மொழி வருவது பயிற்சியால், காதால். எல்லையில் பிறந்ததால் இல்லை. நான் கீபோர்டு வாசிக்கிறேன், வீட்டில் தமிழ், காலேஜில் மலையாளம். அதனால் மட்டும் எனக்கு எதுவும் தானாக வந்துவிடவில்லை.

5. நகரி நெசவு | புதன், மதியம் 2.30

நல்ல மறுப்பு, தங்கச்சி. ஆனால் 'ஓப்போள்' படத்தில் ஜானகிக்கு அந்த மலையாள விருதை வாங்கித் தந்த பாட்டுக்கு இசை யார் தெரியுமா? எம்.பி. ஸ்ரீனிவாசன். தெலுங்குப் பாடகி, சித்தூர்த் தமிழர் மெட்டு, மலையாளப் பாட்டு.

6. கொழிஞ்சாம்பாறை ஹார்மோனியம் | புதன், இரவு 8.50

மத்தியானத்திலிருந்து தங்கச்சி சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பாதி சரி. மீதிக்கு என் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் இருபது வருஷம் பாடிய அக்கா ஒருவரின் நோட்டு இது. பாட்டை விட்டபோது என்னிடம் கொடுத்துவிட்டார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தமிழ்ப் பாட்டை எல்லாம் மலையாள எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. தமிழில் 'க' ஒன்றுதான். 'காதல்' என்பதில் ஒரு மாதிரியும் 'அகம்' என்பதில் வேறு மாதிரியும் அதைச் சொல்வோம், எழுத்து மாறாது. மலையாளத்தில் எழுதும்போது அப்படி விட முடியாது. ஒவ்வொரு இடத்திலும் எந்த ஒலி என்று எழுதுகிறவர் தீர்மானித்தாக வேண்டும். 'த', 'ப', 'ட' எல்லாவற்றுக்கும் அப்படியே. அதனால் அந்த அக்கா கேசட்டை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் பாடகர் வாயிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே பிடித்திருக்கிறார். ஒரு பக்கத்தில் 'கண்ணதாசன்' என்று பெயர் எழுதி, 'த'வை இரண்டு தடவை அடித்துத் திருத்தியிருக்கிறார். மூன்றாவது தடவைதான் சரியான எழுத்து விழுந்திருக்கிறது.

'ழ' அவருக்குக் கஷ்டமே இல்லை, மலையாளத்தில் அந்த எழுத்து அப்படியே இருக்கிறது. 'ற்ற' வருகிற இடங்களில்தான் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். 'காற்று' என்ற சொல்லை மலையாள வழக்கத்தில் உச்சரித்தால் தமிழ்க் கூட்டம் முகம் சுளிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த உழைப்பைத்தான் நான் எல்லை என்கிறேன், தங்கச்சி. பிறந்த இடம் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு மொழியில் தப்பாகப் பாடினால் அடுத்த நாள் அந்த வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டும் என்கிற பயமும் மரியாதையும்.

7. நகரி நெசவு | புதன், இரவு 11.20

அண்ணா, இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. தெலுங்கு எழுத்தில்.

நான் தெலுங்கு மீடியத்தில் படித்தவன். வீட்டில் தமிழ், எழுத்து தெலுங்கு. தெலுங்கில் 'ள' உண்டு, 'ழ' கிடையாது. பஜனைக் குழுவில் நாங்கள் 'ள' எழுதி அதற்குக் கீழே ஒரு புள்ளி வைப்போம். புள்ளி வைத்தால் நாக்கை மடிக்க வேண்டும் என்று அர்த்தம். யார் கண்டுபிடித்த புள்ளியோ, எங்கள் குழுவில் இன்றைக்கும் அதுதான் நடக்கிறது.

உங்கள் பக்கம் தமிழ்ப் படம் பெரும்பாலும் தமிழிலேயே ஓடும், பாட்டும் தமிழாகவே காதில் விழும். எங்கள் பக்கம் அப்படி இல்லை. தமிழ்ப் படம் தெலுங்கு டப்பிங்கில் வரும், பாட்டையும் மாற்றி எழுதிவிடுவார்கள். 'ரோஜா' வந்தபோது வீட்டில் 'காதல் ரோஜாவே', தறிக் கொட்டகையில் 'நா செலி ரோஜாவே'. இரண்டையும் பாடியவர் எஸ்.பி.பி.தான். தெலுங்கில் எழுதியவர் ராஜஸ்ரீ. எங்கள் தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கவே முடியாது. ஆனால் டப்பிங் பாட்டு எழுதுகிறவர்களை இரண்டாம்தரமாகவே பார்க்கிறார்கள், இங்கேயும் அங்கேயும். எனக்கு அதில் ரொம்ப நாளாக வருத்தம் உண்டு.

ஸ்வர்ணலதாவைப் பற்றி ஒன்று. தறிக் கொட்டகையில் முப்பது பவர்லூம் ஓடும்போது ரேடியோவில் குரலும் தாளமும்தான் காதுக்கு எட்டும், இடையிசை எல்லாம் தறிச் சத்தத்தோடு போய்விடும். ஒரு நாள் 'மாலையில் யாரோ' ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. தறி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. ரேடியோ பேட்டரியில் ஓடியதால் பாட்டு நிற்கவில்லை. அது வரைக்கும் அந்தப் பாட்டில் அத்தனை வாத்தியம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. நாடா குச்சியைக் கையில் பிடித்தபடி எல்லாரும் அப்படியே நின்றோம். பாட்டு முடிகிற வரைக்கும் கரண்ட் வரவில்லை.

8. திருத்தணி தமிழாசிரியர் | வியாழன், காலை 6.45

//'காதல் ரோஜாவே'... 'நா செலி ரோஜாவே'//

இலக்கணக்காரன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன். 'கா-தல்' என்பது நேர் நேர். 'நா-செலி' என்பது நேர் நிரை. அதாவது 'தல்' என்று ஒரே அசையாக நின்ற இடத்தில் தெலுங்கில் 'செ', 'லி' என்று இரண்டு குறில் வந்து உட்காருகிறது. காலம் அதேதான். ஆனால் தமிழில் 'ல்' என்று நாக்கு மேலே ஒட்டி நிற்கிற இடம், தெலுங்கில் 'லி' என்று வாய் திறந்து ஓடுகிறது. தமிழ்ச் சொற்களில் நிறைய மெய்யில் முடியும். தெலுங்குச் சொல் பெரும்பாலும் உயிரில் முடியும். ஆகவே ஒரே மெட்டு தமிழில் வரி முடிவில் கொஞ்சம் அடங்கும், தெலுங்கில் நீளும். பாடகர் மூச்சு விடுகிற இடமே மாறிவிடும்.

இதை எல்லாம் கணக்குப் பார்த்து, திரையில் வாய் அசைகிற இடத்துக்கும் பொருந்தும்படி எழுதியவரை இரண்டாம்தரம் என்பது அநியாயம். வெண்பாவுக்குத் தளை தட்டாமல் எழுதுவதைப் பெருமையாகச் சொல்கிறோமே, இது அதற்குக் குறைந்ததா? எனக்கு இங்கே சந்தேகமே இல்லை.

9. வேலந்தாவளம் குயில் | வியாழன், மாலை 5.10

ஐயா, இதற்குப் பிறகு இரண்டு பாட்டையும் ஹெட்செட்டில் அடுத்தடுத்துக் கேட்டேன். மூச்சு விடுகிற இடம் நிஜமாகவே மாறுகிறது!

ஹார்மோனியம் அண்ணா, நோட்டைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் மறுப்பு கொஞ்சம் இறங்கிவிட்டது. முழுசாக இல்லை. பிறந்த ஊர் என்று மட்டும் அறிவிக்காதீர்கள். யார் யாருக்குப் பாட்டுக் கொடுத்தார்கள், யார் யாரைத் திருத்தினார்கள் என்பதையும் சொல்லுங்கள். எஸ்.பி.பி. ஆரம்பத்தில் எம்.எஸ்.வி.யிடம் போனபோது தமிழ் உச்சரிப்பைச் சரி பண்ணிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினாராம், எஸ்.பி.பி.யே மேடைகளில் சொல்லியிருக்கிறார். எலப்புள்ளிக்காரர் கோணேட்டம்பேட்டைக்காரருக்குத் தமிழைத் திருத்தச் சொல்கிறார். இது எந்தப் பிறப்புச் சான்றிதழிலும் இருக்காது.

10. மீனாட்சிபுரம் பாவைக்கூத்து ரசிகன் | வியாழன், இரவு 9.00

எல்லாரும் சினிமாவிலேயே நிற்கிறீர்கள். பாலக்காட்டில் தமிழ்ப் பாட்டு சினிமாவோடு வந்ததில்லை. தோல்பாவைக்கூத்தை மறந்துவிட்டீர்களா?

பகவதி கோயில் கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னால் தேங்காய் மூடியில் இருபத்தொரு விளக்கு ஏற்றி, இரவெல்லாம் நடக்கிற கூத்து. ராமன் ராவணனைக் கொன்றபோது பத்ரகாளி தாரகனோடு சண்டையில் இருந்ததால் பார்க்கக் கிடைக்கவில்லை, அதற்காக அவளுக்கு முன்னால் ஆடிக்காட்டுகிறார்கள் என்பது ஐதீகம். பாடுவது எது? கம்பராமாயணப் பாடல்கள். நடத்துகிறவருக்குப் பட்டம் 'புலவர்'. மலையாளக் கோயில், மலையாளப் பகவதி, பாட்டு கம்பன். சில ராத்திரிகளில் எதிரே நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். அம்மன் கேட்கிறாள் என்று பாடிக்கொண்டே இருப்பார்கள்.

உங்கள் மாலையில் ஐந்து நிமிஷம் இதற்கும் கொடுங்கள்.

11. நகரி நெசவு | வியாழன், இரவு 9.25

எங்கள் பக்கம் பாரதக் கூத்து இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே தமிழில் கேட்கிறவர்களும் இருப்பார்கள், தெலுங்கில் கேட்கிறவர்களும் இருப்பார்கள். முகவீணை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

12. கொழிஞ்சாம்பாறை ஹார்மோனியம் | வெள்ளி, இரவு 8.15

இன்றைக்குக் குழுக் கூட்டம் நடந்தது. ஒரு சிக்கல். நிகழ்ச்சியைத் 'தமிழ்த்தாய் வாழ்த்'தோடு தொடங்கலாம் என்று நான் சொன்னேன். மெட்டு எம்.எஸ்.வி. போட்டது, அதைவிடப் பொருத்தம் ஏது? ஆனால் அது இன்னொரு மாநிலத்தின் அரசு வாழ்த்து, இங்கே பாடுவது சரியாக இருக்காது என்று இரண்டு பேர் எதிர்த்தார்கள். அவர்களும் தமிழர்கள்தான். ஐயா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

13. திருத்தணி தமிழாசிரியர் | சனி, காலை 6.10

அவர்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொல்லுங்கள். அது சினிமாப் பாட்டும் இல்லை, முதலில் அரசுப் பாட்டும் இல்லை. 1891-ல் வந்த 'மனோன்மணீயம்' என்ற நாடகத்தின் முகப்பு வாழ்த்து. எழுதிய சுந்தரம் பிள்ளை பிறந்தது ஆலப்புழையில், வேலை பார்த்தது திருவனந்தபுரம் கல்லூரியில். கேரளத்தில் பிறந்தவர் எழுதிய வரிக்குக் கேரளத்தில் பிறந்தவர் மெட்டுப் போட்டார், மோகன ராகத்தில். தமிழ்நாடு அதைத் தன் வாழ்த்தாக எடுத்துக்கொண்டது 1970-ல்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மூலத்தில் கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு எல்லாம் தமிழின் வயிற்றில் பிறந்தவை என்று வரும் வரிகள் உண்டு. அரசு அவற்றை எடுத்துவிட்டுத்தான் வைத்தது. அது நல்ல முடிவு என்பது என் கருத்து. பக்கத்து வீட்டுக்காரரை எதிரே உட்காரவைத்து 'நீ என் பிள்ளை' என்று பாடுவது விருந்தோம்பல் ஆகாது.

தொடக்கத்தில் வாழ்த்தாக வைக்காதீர்கள். நடுவில், எம்.எஸ்.வி. பகுதியில், நாடகப் பாட்டாகப் பாடுங்கள். யாரையும் எழுந்து நிற்கச் சொல்ல வேண்டாம். நிற்கிறவர்கள் நிற்கட்டும்.

14. வேலந்தாவளம் குயில் | சனி, காலை 9.30

ஐயா சொன்ன யோசனை அருமை. தொடக்கத்துக்கு நான் ஒன்று சொல்லவா? 'லவகுசா'. பி. லீலாவும் பி. சுசீலாவும் லவனுக்கும் குசனுக்கும் பாடியது. சித்தூர்க் குரலும் விஜயநகரத்துக் குரலும். தெலுங்கில் 'ராமகதனு வினரய்யா', தமிழில் 'ஜெகம் புகழும் புண்ணிய கதை'. இரண்டு சின்னப் பெண்களை வைத்து ஒரு சரணம் தெலுங்கு, ஒரு சரணம் தமிழ். கீபோர்டு நான் வாசிக்கிறேன். பாவைக்கூத்து அண்ணா கேட்ட ராமகதையும் அதில் வந்துவிடுகிறது.

15. மீனாட்சிபுரம் பாவைக்கூத்து ரசிகன் | சனி, காலை 10.05

அந்தப் பாட்டுக்குப் பின்னாலேயே ஒரு கம்பன் பாட்டு. நான் ஏற்பாடு செய்கிறேன்.

16. கொழிஞ்சாம்பாறை ஹார்மோனியம் | சனி, இரவு 9.50

குழு ஒப்புக்கொண்டுவிட்டது. 'லவகுசா'வில் தொடக்கம். அடுத்து ஒரு கம்பன் பாட்டு. எம்.பி.எஸ்.ஸுக்கு இரண்டு: 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே', 'ஜாதிபேதம்'. எம்.எஸ்.வி. பகுதியில் நாடக வாழ்த்தும், 'பணிதீராத்த வீடு' என்ற மலையாளப் படத்தில் அவரே பாடிய 'கண்ணுநீர்த்துள்ளியே'யும். எஸ்.பி.பி.க்கு கே.வி.எம். இசையில் 'ஆயிரம் நிலவே வா'. அப்புறம் 'காதல் ரோஜாவே', ஒரு சரணம் ராஜஸ்ரீ எழுதிய தெலுங்கில். கடைசியில் ஸ்வர்ணலதா. 'மாலையில் யாரோ', பிறகு 'போறாளே பொன்னுத்தாயி'.

அறிவிப்புக்கு வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மைக்கை நானே பிடிக்கிறேன். 'போறாளே'வுக்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டேன்: "அடுத்து, நம் சித்தூரில் பிறந்தவர்."

நகரித் தம்பி, தெலுங்குச் சரணத்தை நீங்கள் வந்து பாடினால் என்ன? அரக்கோணத்தில் ரயில் ஏறினால் ஒலவக்கோட்டில் வந்து கூட்டிப் போகிறேன். சாப்பாடு எங்கள் வீட்டில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒத்திகை.

17. நகரி நெசவு | சனி, இரவு 10.30

வருகிறேன் அண்ணா. தறிக்கு இரண்டு நாள் ஆள் சொல்லிவிட்டேன். நோட்டையும் எடுத்து வருகிறேன், உங்கள் அக்கா நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்ச் சரணம் ஒன்றும் எனக்குக் கொடுங்கள். புள்ளி வைத்துப் பழகிக்கொள்கிறேன்.